டவுன் செல்லப்பிராணிக் கடையின் டாரன்டுலா தட்டு: பாவம் பார்த்து வாங்கலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எந்தத் தோட்டப்புற டவுனுக்குப் போனாலும் இப்படி ஒரு கடை இருக்கும். இரட்டை மாடிக் கடைவரிசை. ஒரு பக்கம் மோட்டார் பட்டறை, மறுபக்கம் மளிகை. அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், நாய்த்தீனி மூட்டைகள். உள்ளே இடப்பக்கம் மீன் தொட்டிகள், வலப்பக்கம் ஹாம்ஸ்டரும் முயலும். கல்லாவுக்குப் பின்னால், தலைக்கு மேலே இருக்கும் தட்டில் ஐந்து பிளாஸ்டிக் டப்பாக்கள். ஐந்திலும் டாரன்டுலா என்ற முடி அடர்ந்த பெருஞ்சிலந்தி. இந்த விமர்சனம் பெரும்பாலும் அந்தத் தட்டைப் பற்றியதுதான்.

கடையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பெயரைப் போட்டுத் திட்டினால் டப்பாக்களை உள்ளறைக்குக் கொண்டுபோய் மறைத்து வைப்பார்களே தவிர, அவற்றில் தண்ணீர் வைக்க மாட்டார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மீன் பகுதி சுத்தம். சண்டைமீன் ஒவ்வொன்றும் தனிப் போத்தலில், கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஊறிய தேநீர் நிறத் தண்ணீரில் இருக்கிறது. செத்த மீன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முயலுக்குப் புல்லும் தண்ணீரும் இருந்தன. கடைக்காரருக்கு உயிர்கள்மேல் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. சிலந்தி மட்டும் அவருக்குத் தெரியாத சரக்கு. "இதுக்கு ஒன்னும் வேணாம்ண்ணே, மாசக் கணக்குல சும்மா கிடக்கும்னு சரக்கு போடுறவரு சொன்னாரு" என்றார் கல்லாவில் இருந்த தம்பி. அதில் பாதி உண்மை. தீனி இல்லாமல் வளர்ந்த டாரன்டுலா மாதக் கணக்கில் தாங்கும். தண்ணீர் இல்லாமல் தாங்காது.

முதல் டப்பாவில் கர்லி ஹேர். நிக்கராகுவா, கோஸ்டா ரிக்கா பக்கத்துத் தரைவாழ் இனம். கால் விரித்தால் 12 செ.மீ. இருக்கும். ஹாம்ஸ்டருக்குப் போடும் மரச்சுருளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மூலையில் ஒரு சின்ன மூடி, அதற்குள் காய்ந்து கெட்டியான பஞ்சு. வயிறு முன்னுடலைவிடச் சிறுத்து, உலர்ந்த திராட்சைபோல் சுருக்கம் விழுந்திருந்தது. டாரன்டுலாவுக்கு வயிறுதான் தண்ணீர்த் தொட்டி. அதன் கால்களில் மடக்குவதற்குத் தசை உண்டு. நீட்டுவதற்கு உடல் திரவத்தின் அழுத்தம் வேண்டும். தண்ணீர் வற்றினால் அழுத்தம் குறையும், கால்கள் உடலுக்கு அடியில் முட்டியை மடித்ததுபோல் ஒடுங்கும். இது இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. ஆனால் நான்கு கால்களின் நுனி ஏற்கெனவே உள்ளே வளையத் தொடங்கியிருந்தது.

கடைக்காரரிடம் கேட்டு, பஞ்சை எடுத்துவிட்டு, மினரல் தண்ணீர்ப் போத்தலின் மூடியில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தோம். கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு ஒரு முன்கால் மூடியின் விளிம்பைத் தடவியது. முன்னுடல் மெல்லத் தாழ்ந்து, நச்சுப்பற்கள் இரண்டும் விரிந்து, வாய் நீரில் பதிந்தது. அப்படியே இருபது நிமிடத்துக்கு மேல் அசையாமல் குடித்தது. கடைத் தம்பி ஸ்டூல் மேல் ஏறி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது டப்பா இதற்கு நேர்மாறு. சிலி ரோஸ், வறண்ட நிலத்து இனம். அதற்குத் தேங்காய் நார்த்தூளைச் சொதசொதவென்று நனைத்து, மூடியில் நான்கே ஊசித்துளை போட்டு வைத்திருக்கிறார்கள். சுவரெல்லாம் ஆவி, ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. ஈரத்தில் கால் வைக்கப் பிடிக்காமல் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நம்மூர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், வெப்பமும் போதும். இங்கே ஹீட்டர், ஹீட் விளக்கு எதுவும் தேவையே இல்லை. காற்றோட்டமும் ஒரு கிண்ணம் தண்ணீரும் இருந்தால் சிலி ரோஸுக்கு நிறைவு.

மூன்றாவது, ரெட் நீ. மெக்சிகோவின் பசிபிக் கரைப் பக்கத்து இனம், குட்டி, 6 செ.மீ. இந்த டப்பாவைப் பார்த்ததும் பதற்றமாகிவிட்டது. வயிற்றின் பின்புறம் முடி உதிர்ந்த வழுக்கைத் திட்டு கன்னங்கரேலென்று இருந்தது. உள்ளே புதுச் சட்டை தயாராகிவிட்டது என்று அர்த்தம். இன்னும் சில நாளில் உரிக்கும். அதே டப்பாவில் செத்த சிள்வண்டு மூன்று, உயிரோடு ஒன்று. இங்கே எல்லாரும் செங்கரிக் என்று சொல்லும் அதே பூச்சிதான். சட்டை உரித்த டாரன்டுலாவின் பல்கூட வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். எதையும் கடிக்க முடியாது. பசித்த சிள்வண்டு அந்தச் சமயம் பார்த்து மெல்லத் தொடங்கினால் சிலந்தி தப்பாது. சாப்பிடவில்லையே என்று இரை மேல் இரை போடுவது கொலைக்குச் சமம். போட்ட இரையை 24 மணி நேரத்தில் தின்னவில்லையென்றால் எடுத்துவிட வேண்டும்; உரித்த பிறகு பல் கறுக்கும்வரை, இந்த அளவுக் குட்டிக்குக் குறைந்தது ஒரு வாரம், எதுவும் போடக் கூடாது.

இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது தம்பி சொன்னது: "போன மாசம் ஒன்னு மல்லாக்கப் படுத்துக் கெடந்துச்சு. செத்துப் போச்சுன்னு தூக்கிக் குப்பையில போட்டுட்டோம்." டாரன்டுலா சட்டை உரிப்பதே மல்லாந்து படுத்துத்தான். சாகும்போது பெரும்பாலும் நேராகவே, கால்களை அடியில் சுருட்டிக்கொண்டு சாகும். மல்லாந்து கிடந்தால் தொடாமல், டப்பாவை ஆட்டாமல் ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். இந்த ஒரே ஒரு தகவல் கடைக்குத் தெரிந்திருந்தால் அந்த உயிர் மிஞ்சியிருக்கும்.

நான்காவது டப்பாவில் இருப்பது நம் நாட்டுச் சரக்கு. சிங்கப்பூர் புளூ என்று பெயர், ஆனால் தீபகற்ப மலேசியக் காடுகளிலும் வாழ்கிறது. மரத்தில் ஏறி வாழும் இனம். அதைத் தட்டையான டப்பாவில், ஏற ஒரு பட்டைகூட இல்லாமல் வைத்திருந்தார்கள். முழு வளர்ச்சி, ஒரு கால் இல்லை, உடம்பெல்லாம் தேய்ந்த முடி. கூண்டில் பிறந்து வளர்ந்த உயிர் பெரும்பாலும் குட்டியாகத்தான் விற்பனைக்கு வரும். இப்படி அடிபட்ட, முழு வளர்ச்சி அடைந்த ஒன்று மலிவாக வந்தால் காட்டிலிருந்து பிடித்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 'பெண்' என்கிறது. முன்கால்களின் உட்புறம் கொக்கி, வாய்க்கு அருகே இருக்கும் சிறுகைகளின் நுனியில் குத்துச்சண்டைக் கையுறை போன்ற குமிழ். முதிர்ந்த ஆண் அது, சந்தேகமே இல்லை. பல இனங்களில் பெண் 15, 20 வருடம் வாழும். முதிர்ந்த ஆணுக்கு மிச்சம் இருப்பது மாதங்கள், மிஞ்சினால் ஒரு வருடத்துக்குச் சற்று மேல். டப்பாவுக்குள் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. அதற்கும் மற்றவற்றைப் போலவே 80 வெள்ளி (ரிங்கிட்).

இவ்வளவுக்கும் மேல் ஒன்று. கல்லாவுக்குக் கீழே கொசுவர்த்தி புகைகிறது. சிலந்தித் தட்டின் மறுகோடியில் நாய் உண்ணிக்கான ஸ்பிரே அடுக்கியிருக்கிறார்கள். உண்ணியும் சிலந்தியும் ஒரே எண்காலி வகுப்பு. உண்ணியைக் கொல்லும் மருந்து சிலந்திக்குப் பால் வார்க்காது. டிங்கி (டெங்கு) கொசுவுக்குப் புகை அடிக்கும் நாளிலும் இதே கதைதான். கால்கள் தாறுமாறாக உதறுவது, நடையில் தள்ளாட்டம், திரும்பத் திரும்ப வெட்டி இழுப்பது ஆகியவை பூச்சிமருந்து பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. டப்பாக்களை மீன் பக்கத்துக்கு மாற்றச் சொன்னோம்.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி. இப்படிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு எப்படி வெறுங்கையோடு வருவது, 80 வெள்ளி கொடுத்துக் காப்பாற்றிவிடலாமே? காப்பாற்றலாம், ஒன்றை. ஆனால் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் 'காப்பாற்றப்பட்டது' என்று ஒரு வரி கிடையாது, 'விற்றது' என்றுதான் இருக்கும்.

கணக்காகவே பார்ப்போம். கடை மூன்று சிலந்தியை ஒன்று 40 வெள்ளி என்று எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 120. ஒன்று வழக்கமான வாடிக்கையாளரிடம் 80க்குப் போகிறது. ஒன்று சாகிறது. மூன்றாவது வற்றிப்போய்க் கிடக்கிறது. அதுவும் செத்தால் கடைக்கு 40 வெள்ளி நட்டம். அடுத்த முறை சரக்கு எடுக்குமுன் யோசிப்பார். நாம் மனம் கேட்காமல் 80 கொடுத்து வாங்கினால் நட்டம் 40 வெள்ளி லாபமாக மாறிவிடுகிறது. "பாவம், பாதி விலைக்கு எடுத்துக்கோங்க" என்று 40க்குத் தந்தாலும் வரவும் செலவும் சரிக்குச் சரி. செத்துப்போன ஒன்றின் விலையை நாம் கட்டிவிட்டோம் என்று பொருள். வற்றிய சிலந்தியை வாங்குவது, வற்றவைத்ததற்கான தண்டனையிலிருந்து கடையை விடுவிப்பது. அந்த இடத்தில் அடுத்த வாரம் வேறொன்று வந்து உட்காரும்.

அதனால் எங்கள் தீர்ப்பு கறாரானது. காசு கொடுத்து மீட்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்குரிய நட்டம் கடைக்கே போகும், உயிரும் மிஞ்சும். கால் சுருண்ட சிலந்தியை "எப்படியும் போயிடும், எனக்குக் கொடுத்துடுங்கண்ணே" என்று மரியாதையாகக் கேட்டால் கொடுக்கிற கடைக்காரர்கள் நிறையப் பேர். கடையே மூடப்போகிறது, அல்லது இனிமேல் சிலந்தி எடுக்க மாட்டேன் என்று கடைசி ஒன்றைத் தள்ளிவிடுகிறார் என்றால் மட்டும் விலை கொடுத்து எடுப்பதில் குற்றமில்லை.

இதை எழுதும்போதே உறுத்தும் இடம் ஒன்று உண்டு. அடுத்து வரப்போகும் சிலந்திகளுக்காகக் கண்முன்னே இருக்கும் இதைச் சாகவிடுவது நியாயமா? அந்தக் கர்லி ஹேருக்கு நம் கொள்முதல் கணக்குத் தெரியாது. நியாயமில்லை என்றே நினைக்கிறோம். அதனால்தான் வாங்காமல் வருவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு வருவது ஆகாது. அந்த 12 செ.மீ. உயிருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது புது எஜமானர் அல்ல, ஒரு மூடித் தண்ணீர். அதைக் கடையிலேயே கொடுக்க முடிந்தது. செலவு ஒரு காசு இல்லை. ஐந்து மூடி, ஐந்து நிமிடம், கடைக்காரரின் சம்மதம்.

சம்மதம் கேட்கும் விதத்தில் இருக்கிறது எல்லாம். 'கொடுமை' என்று ஆரம்பித்தால் கதவு அடைபடும். "அண்ணே, இதுல உங்க காசுதானே போவுது, தண்ணி வச்சா சாவாதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள், காது கொடுப்பார். அரைப் பக்கத்தில் எழுதி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம்: பஞ்சு வேண்டாம், மூடியில் எப்போதும் தண்ணீர், மல்லாந்து படுத்தால் தொடாதே, தின்னாத பூச்சியை மறுநாள் எடு, ஸ்பிரேயும் கொசுவர்த்தியும் பக்கத்தில் கூடாது. கடையில் தேங்காய் நார்க்கட்டி விற்றால் அதை அங்கேயே வாங்குங்கள். நல்லதைச் செய்வதிலும் காசு இருக்கிறது என்று அவருக்குத் தெரியட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். மூடியில் தண்ணீர் இருந்தால் அது தெரியாமல் செய்த கடை. சொல்லியும் வறண்டு கிடந்தால் அது வேறு ரகம். அப்போது தேதியோடு படம் எடுத்து, முயல், ஹாம்ஸ்டர் உட்படக் கடை முழுவதையும் குறிப்பிட்டுக் கால்நடைச் சேவைத் துறைக்கு எழுத வேண்டும். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தைக் கையாள்வது அந்தத் துறைதான்.

சிங்கப்பூர் புளூ விஷயத்தில் இலவசமாக வாங்குவதற்குக்கூட யோசிக்க வேண்டும். காட்டு உயிரை நாம் கேட்டு வாங்கினால், இதற்கு ஆள் இருக்கிறது என்ற செய்திதான் பிடித்து வருபவருக்குப் போகும். பெண் முதிர்ச்சி அடையச் சில வருடம் ஆகும் இனங்கள் இவை; ஒரு காட்டோரத்தில் நாலு பெண்களைப் பிடுங்கிவிட்டால் அந்த இடம் சீக்கிரம் நிரம்பாது. இதற்குப் போன் போட வேண்டிய இடம் 'பெர்ஹிலித்தான்' என்ற வனவிலங்குத் துறை. ரெட் நீ வேறு வழக்கு. அது சேர்ந்த பிராக்கிபெல்மா இனங்கள், அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை; நாடு விட்டு நாடு கொண்டுவரப் பெர்மிட் வேண்டும், நம் நாட்டில் இதற்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த போசிலோதீரியா சிலந்திகளும் 2019இல் அதே பட்டியலில் சேர்ந்தன. எங்கிருந்து வந்தது என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பதில் மழுப்பலாக வந்தால் அங்கே வாங்காதீர்கள்.

இலவசமாகக் கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? கையால் தூக்கவே வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுங்கள். அமெரிக்கக் கண்டங்களின் இனங்களில் பெரும்பாலானவை வயிற்று முடியை உதிர்த்து வீசும். கண்ணில் பட்டால் கசக்காமல் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு நேரே கிளினிக்குக்குப் போக வேண்டும். ஆசிய இனங்களுக்கு அந்த முடி இல்லை, பதிலாக வேகமும் கடுமையான கடியும் உண்டு. தசைப்பிடிப்பு நாள்கணக்கில் இருக்கும்.

வற்றிய சிலந்தியை ஈரத் துணி விரித்த டப்பாவில் அடைக்கும் பழைய வைத்தியம் இன்னும் பலர் சொல்கிறார்கள். வேண்டாம். புழுக்கத்தில் பூஞ்சைதான் வளரும். ஆழமில்லாத மூடியில் தண்ணீர் வைத்து, சிலந்தியை வாய் நீரில் படும்படி விளிம்பில் சாய்த்து வையுங்கள். மூச்சு விடும் உறுப்பு வயிற்றின் அடியில் நான்கு வெளிர்த் திட்டுகளாக இருப்பதால் முன்பக்கம் நனைந்தால் மூழ்காது. வயிறு மட்டும் வெளியே இருக்க வேண்டும். இருட்டாக, அமைதியாக விட்டுவிடுங்கள். ஒரு நாளில் கால் விரியத் தொடங்கினால் பிழைத்துக்கொள்ளும். வயிறு உருண்டு வந்த பிறகு, நாலைந்து நாள் கழித்து, சின்ன சிள்வண்டு ஒன்று. வாயோரம் வெள்ளைக் களிம்புபோல் ஏதாவது கசிந்தால் அது உருளைப்புழுவாக இருக்கலாம். மருந்தில்லை, வேறு சிலந்திகளுக்கும் தொற்றும். ஆகவே எதுவாக இருந்தாலும் முதல் 30 நாள் தனி அறை, தனி இடுக்கி.

கர்லி ஹேர் அளவுச் சிலந்தியின் வீட்டுக்கு 30 செ.மீ. உயர டப்பா போதும். அடியில் 12 செ.மீ. நார்த்தூளை அழுத்தி நிரப்பினால் மேலே 18 செ.மீ. மிஞ்சும், தரைவாழ் இனத்துக்குக் கால்விரிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் உயரம் விடக் கூடாது. விழுந்தால் வயிறு வெடித்துவிடலாம். ஒளிந்துகொள்ளப் பாதிச் சிரட்டை. தண்ணீருக்கு ரப்பர்ப் பால் மங்கு அளவில் கச்சிதம்தான், ஆனால் புதியதாக இருக்கட்டும். மரத்தில் கட்டிய மங்கில் பால் உறைய ஊற்றும் ஆசிட் ஒட்டியிருக்கலாம். தோட்டத்து மண்ணும் தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியும் வேண்டவே வேண்டாம். செம்பனைக்கும் ரப்பருக்கும் அடித்த மருந்து இரண்டிலும் இருக்கலாம். வளர்க்க முடியவில்லை என்று மெக்சிகோ சிலந்தியைக் கொண்டுபோய்ச் செம்பனைக் காட்டில் விடுவதும் கூடாது.

இரண்டு வாரம் கழித்து அதே தட்டு. டப்பாக்களை மீன் பக்கம் நகர்த்தியிருந்தார்கள், கொசுவர்த்தி இல்லை. ஐந்தில் நான்கில் மூடியில் தண்ணீர். கர்லி ஹேரின் வயிறு உருண்டு, மரச்சுருளுக்குப் பதில் நார்த்தூள். ரெட் நீ சட்டை உரித்திருந்தது. உரித்த தோலைத் தம்பி பத்திரமாக எடுத்துக் கல்லாவில் காட்சிக்கு வைத்திருக்கிறார். சிலி ரோஸின் மூடியில் துளைகள் கூடியிருந்தன, மண் இன்னும் ஈரம். ஆணின் ஸ்டிக்கர் மாறவில்லை.

மீனுக்கு இந்தக் கடைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். சிலந்திக்கு முதல் முறை பூஜ்யம், இப்போது இரண்டு. மூன்று ஆகாததற்குக் காரணம் நான்காவது டப்பா. பழைய சிங்கப்பூர் புளூ விற்றுப்போய்விட்டது. அதே தட்டையான டப்பாவில், அதே ஸ்டிக்கரோடு, இரண்டு கால் குறைந்த இன்னொன்று உட்கார்ந்திருந்தது. அதன் முன்னாலும் ஒரு மூடித் தண்ணீர் வைத்திருந்தார்கள்.